நோய் தரும் தூளே மருந்தாகும் விந்தை



ஐரோப்பாவின் வடபாகத்தில் பிர்ச் என்றொரு மரம் உண்டு. வசந்த காலத்தில் அது பூத்துவிட்டால் அதன் மகரந்தத்தூள் காற்றெங்கும் பறக்கின்றது. அநேகருக்கு இதனால் யாதொரு தொல்லையும் இல்லை. ஆனால் சில பிள்ளைகளுக்கோ கண் சிவந்து, மூக்கொழுகி, ஓயாத தும்மலால் படிப்பும் தூக்கமும் கெடுகின்றன. ஆப்பிள் பழத்தைக் கடித்தாலும் வாய் அரிக்கும் பிள்ளைகள் உண்டு. போகப்போக இவர்களில் ஒரு பகுதியாருக்கு ஆஸ்துமா என்னும் இழுப்பும் வந்துவிடுகின்றது. ஆகவே தும்மல்தானே என்று தள்ளிவிடக்கூடிய காரியமல்ல இது.

இம்மாதிரி நோயை 1819-ல் விவரித்தெழுதிய ஜான் பாஸ்டாக் என்ற ஆங்கில வைத்தியர் பெரிய கல்விமான், அந்நோயால் கஷ்டப்பட்டவருங்கூட. அவர் வெயிலே காரணமென்றார். பெரியவர் சொல்லிவிட்டாரே என்று மற்றவர்கள் கைகட்டி நின்றிருந்தால் கதி என்ன ஆகியிருக்கும்? மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்பவர், அவரும் நோயாளியே, பட்டம் பறக்கவிட்டு வானத்துத் தூளைப் பிடித்தார். மகரந்தத்தைத் தம் மூக்கிலும் தோலிலும் வைத்துப் பார்த்தார். மகரந்தமே காரணமென்று 1873-ல் எழுதி வெளியிட்டார்.

1911-ல் லண்டனில் லெனார்ட் நூன் புல்லின் மகரந்தச் சாற்றை மிகச் சிறு அளவில் ஊசி மூலம் ஏற்றி, அளவை வரவரக் கூட்டினார். மகரந்தத்தில் விஷம் இருப்பதாக அவர் நினைத்தார். அந்த நினைப்புத் தவறு. தீங்கற்ற தூளைப் பகைவனென்று எண்ணி நமது உடலேதான் சண்டைக்குக் கிளம்புகின்றது. ஆயினும் சிகிச்சை பலித்தது. பின்வந்தவர்கள் காரணத்தைத் திருத்திக்கொண்டார்களே ஒழிய, நூன் வாக்கு வேதவாக்கு என்று பூஜை செய்யவில்லை.

பிள்ளைகளுக்கு இது பயன்படுமா? ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளில் பிர்ச் அல்லது புல் மகரந்தம் ஒவ்வாத, 6 முதல் 14 வயதுள்ள 205 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு மட்டும் 3 வருஷம் ஊசி போட்டார்கள். 2007-ல் வெளியான பத்து வருஷக் கணக்கில், முதலில் இழுப்பு இல்லாதிருந்தவர்களில், ஊசி போட்டுக்கொண்ட 64 பேரில் 16 பேருக்கும், போடாத 53 பேரில் 24 பேருக்கும் இழுப்பு வந்திருந்தது. மற்றப் பிரிவாருக்கு வெறும் நீர் ஊசி போட்டு ஒப்பிடவில்லை என்பது இச்சோதனையின் குறைதான். அதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இது மந்திரமல்ல. முதலில் வாராவாரம், பிறகு மாதத்துக்கொருமுறை என்று மூன்று முதல் ஐந்து வருஷம் பிடிக்கும். சிற்சில சமயம் ஊசி போட்டதும் மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால்தான் அரைமணி நேரம் அங்கேயே உட்காரவைக்கின்றார்கள். இழுப்பு அடங்காதிருக்கும் பிள்ளைக்கு இதைத் தொடங்கலாகாது. ஜப்பானில் சுகி மரத்தூளுக்கு நாக்கின் கீழ் கரையும் மாத்திரை பிள்ளைகளுக்கும் கொடுக்கப்படுகின்றது.

எங்கேயாயினும் சரி, இச்சிகிச்சைக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் பெற்றோர் வாய்மூடி நிற்க வேண்டாமென்கின்றோம். என் பிள்ளைக்கு எந்தத் தூள் ஒவ்வவில்லை என்று தோலிலோ இரத்தத்திலோ சோதித்தீர்களா? அந்தத் தூளில் செய்த மருந்துதானா இது? மூச்சு முட்டினால் கொடுக்க அட்ரினலின் கையில் இருக்கின்றதா? இவற்றைக் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு பிறகு கையை நீட்டச் சொல்லுங்கள்.