விதைநெல்லை விற்கலாமா?

(‘இளம் கார்ட் ஆட்டக்காரர்கள்: யாரை விடுவது, யாரை வைத்துக் கொள்வது?’ எனும் தொலைக்காட்சிக் கருத்துமேடையில் நிகழ்த்தப்பட்ட உரை)



காற்பந்தோடு வளர்ந்த நேயர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். கூடைப்பந்தில் பந்தைத் தட்டிக் கொண்டு முன்னேறி, ஆட்டத்தை நடத்துபவர் கார்ட். கூடைக்கு அருகில் நின்று ஆளுபவர் சென்டர். காற்பந்தில் ஓர் ஆட்டக்காரரைப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கிலோ பெரும்பாலும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொள்கிறார்கள். ஒருவரைப் பெற வேண்டுமானால் ஒருவரை இழக்க வேண்டும். யாரை இழப்பது என்பதில்தான் ஒரு குழுவின் தலையெழுத்தே இருக்கிறது.

சாக்ரமெண்டோ கிங்ஸ் குழுவை எடுத்துக் கொள்வோம். 2022-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர்களிடம் மூன்று இளம் கார்ட்கள் இருந்தார்கள். 2017-இல் ஐந்தாவது ஆளாகத் தேர்வான டி’ஆரன் ஃபாக்ஸ், 2020-இல் பன்னிரண்டாவதாகத் தேர்வான டைரீஸ் ஹாலிபர்ட்டன், 2021-இல் ஒன்பதாவதாகத் தேர்வான டேவியன் மிட்சல். ஃபாக்ஸ் வேகத்தில் மின்னல். ஹாலிபர்ட்டன் பந்தைப் பகிர்வதில் கெட்டிக்காரர். மிட்சல் தடுப்பாட்டத்தில் வல்லவர். ஆனால் பந்து ஒன்றுதானே! மூவரையும் வைத்துக் கொண்டு தடுமாறிய அந்தக் குழுவுக்கு நல்ல சென்டர் ஒருவர் தேவைப்பட்டார்.

2022 பிப்ரவரி 8-ஆம் தேதி அவர்கள் ஹாலிபர்ட்டனை விட்டார்கள். இண்டியானா பேசர்ஸ் குழுவுக்கு அவரை அனுப்பிவிட்டு, டொமாண்டஸ் சபோனிஸைப் பெற்றார்கள். இந்தப் பரிமாற்றத்தில் வேறு சிலரும் இடம் மாறினார்கள். ஆனால் பேச்செல்லாம் இந்த இருவரைப் பற்றித்தான்.

எதிரணி நண்பர் சற்று முன் கேட்டார்: “அதனால் கிங்ஸ் கெட்டா போனது?” நியாயமான கேள்வி. கெட்டுப் போகவில்லை. 2006-க்குப் பிறகு 16 பருவங்களாகப் பிளே-ஆஃப் சுற்றையே காணாத குழு அது. என்.பி.ஏ. வரலாற்றில் அவ்வளவு நீண்ட வறட்சி வேறெந்தக் குழுவுக்கும் வந்ததில்லை. 2022-23 பருவத்தில் 48 ஆட்டங்களில் வென்று அந்த வறட்சியைப் போக்கினார்கள். சபோனிஸ் அந்தப் பருவம் ரீபவுண்டில் லீக்கின் முதல்வர். ஃபாக்ஸ் தம் முதல் பிளே-ஆஃப் ஆட்டத்திலேயே 38 புள்ளிகள் எடுத்தார். அந்த நகரத்து மக்களின் மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். பதினாறு ஆண்டு பசித்தவனுக்குத்தான் ஒரு வேளைச் சோற்றின் அருமை தெரியும்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்தச் சோறு எதை அவித்து வடித்தது? விதைநெல்லை அல்லவா?

அந்த முதல் சுற்றிலேயே, ஏழாவது ஆட்டத்தில், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் குழுவிடம் கிங்ஸ் தோற்றது. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை. 2024 ஜூனில் மிட்சலை டொராண்டோவுக்கு அனுப்பினார்கள். 2025 பிப்ரவரியில் ஃபாக்ஸும் சான் அந்தோனியோவுக்குப் போய்விட்டார். மூன்றே ஆண்டுகளில் மூன்று கார்ட்களும் கையில் இல்லை!

ஹாலிபர்ட்டன் என்ன ஆனார்? 2023-24 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 10.9 அசிஸ்ட் கொடுத்து லீக்கிலேயே முதலிடம் பெற்றார். 2025-இல் பேசர்ஸ் குழுவை, 2000-க்குப் பிறகு முதன்முறையாக, இறுதிச் சுற்றுக்குக் கொண்டு போனார். அதன் முதல் ஆட்டத்தில் 0.3 வினாடி மீதமிருந்தபோது பந்தைக் கூடைக்குள் போட்டு வெற்றி தேடித் தந்தவரும் அவரே.

“2025-இல் நடந்ததை வைத்து 2022-இல் எடுத்த முடிவைக் குறை சொல்வது எளிது” என்று எதிரணியினர் சொல்லக் கூடும். சரி, 2022-இல் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டுமே பார்ப்போம். ஹாலிபர்ட்டனுக்கு வயது 21, ஃபாக்ஸுக்கு 24. தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி முயற்சிகளில் நூற்றுக்கு 40-க்கு மேல் போட்டவர் ஹாலிபர்ட்டன். அந்தப் பருவத்தில் ஃபாக்ஸ் 30 என்ற அளவில்தான் நின்றார். தூரத்திலிருந்து போடத் தெரிந்தவர், பந்து கையில் இல்லாத போதும் எதிராளியைத் தம் பக்கம் இழுத்து, தோழனுக்கு வழிவிடுவார். அப்படிப்பட்டவர் யாரோடும் சேர்ந்து ஆடலாம்.

இன்னொன்று ஒப்பந்தம். முதல் சுற்றில் தேர்வானவரைக் குழு நான்கு ஆண்டு வரை குறைந்த சம்பளத்தில் வைத்திருக்கலாம். அதன் பிறகும், வேறு குழு எவ்வளவு தர முன்வந்தாலும் அதே தொகையைத் தந்து தக்க வைத்துக் கொள்ளும் உரிமை உண்டு. ஆக, அவசரப்பட ஒரு காரணமும் இல்லை.

“மிட்சலைக் கொடுத்திருந்தால் சபோனிஸ் கிடைத்திருப்பாரா?” என்று கேட்பார்கள். கிடைத்திருக்க மாட்டார். பெரிய பொருளுக்குப் பெரிய விலைதான். அப்படியானால், விலையாகத் தர வேண்டியது வளர்ந்து முடிந்தவரையா, வளர்ந்து கொண்டிருப்பவரையா? என் கேள்வி அதுதான்.

இதே நெருக்கடி வாரியர்ஸ் குழுவுக்கும் வந்தது. அவர்களிடம் இரண்டு கார்ட்கள். மான்டா எல்லிஸ் குழுவிலேயே அதிகப் புள்ளி எடுப்பவர், ரசிகர்களின் செல்லப்பிள்ளை. இன்னொருவர், கணுக்கால் காயத்தால் அடிக்கடி உட்கார்ந்துவிடும் ஸ்டீஃபன் கரி. அவர்களுக்கும் ஒரு சென்டர் தேவை. 2012 மார்ச்சில் எல்லிஸை விட்டு, ஆண்ட்ரூ போகட்டைப் பெற்றார்கள். சில நாளில், சொந்த அரங்கத்திலேயே, குழுவின் உரிமையாளரைப் பேச விடாமல் ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். 2015-இல் அதே கரியும் போகட்டும் சேர்ந்து கிண்ணத்தைக் கொண்டு வந்தார்கள். தேவை ஒன்றே, தேர்வு வேறு, பலனும் வேறு.

கிளிப்பர்ஸ் குழு 2019-இல் பால் ஜார்ஜைப் பெறுவதற்காக ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற 20 வயது கார்டையும் ஐந்து முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் ஒக்லஹோமாவுக்குக் கொடுத்தது. 2024-இல் ஜார்ஜ் வேறு குழுவுக்குப் போய்விட்டார். ஈடாகக் கிளிப்பர்ஸுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 2025-இல் பேசர்ஸை வென்று பட்டம் பெற்ற ஒக்லஹோமா குழுவின் நாயகன் அந்த இளைஞர்தான். அதாவது, அந்த இறுதிச் சுற்றில் எதிரெதிரே நின்ற இரண்டு கார்ட்களும் முந்தைய குழுக்கள் கைவிட்ட பிள்ளைகள்!

அந்த இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் ஹாலிபர்ட்டனின் குதிகால் தசைநார் அறுந்தது உண்மை. காயம் யாருக்கும் வரும். அதற்குப் பயந்து யாரும் வயலைத் தரிசாகப் போடுவதில்லை.

எனவே நடுவர் அவர்களே, எல்லா இளைஞரையும் கட்டிக் காக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. விட வேண்டிய நேரத்தில் விடத்தான் வேண்டும். ஆனால், இன்று யாருக்குக் கைத்தட்டல் அதிகம் என்று பார்க்காதீர்கள். யாருக்கு இன்னும் வளர இடமிருக்கிறது, யார் அடுத்தவரையும் வளர்க்கிறார் என்று பாருங்கள். அவரை வைத்துக் கொண்டு மற்றவரைக் கொடுங்கள்.