நோய் தீர்ந்த பின்னரும் துணை வேண்டும்

(ஊராட்சி ஒன்றியக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



புற்றுநோய் வந்தால் பிழைப்பதில்லை என்று நாம் எண்ணியிருந்த காலம் ஒன்றுண்டு. அந்நிலை மாறிவிட்டது. செல்வ நாடுகளில், இந்நோய் கண்ட குழந்தைகளில் 100க்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர். 2030ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் 100க்கு 60 குழந்தைகளையேனும் காப்பாற்ற வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் குறிக்கோள் வகுத்தது. நம் கிராமங்களிலும் அவ்வாறு பிழைத்தெழுந்த பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

நம் வட்டாரத்துப் பெண்ணொருத்தி சிறுவயதில் இரத்தப் புற்றுநோய் கண்டு குணமடைந்தவள். வரன் பார்க்கும் காலத்தில், மாப்பிள்ளை வீட்டார் அறியலாகாதென்று பெற்றோரே சிகிச்சைக் காகிதங்களை அடுப்பிலிட்டுவிட்டனர். அவள் கருவுற்றபோது மூச்சுத் திணறல் கண்டது. "முன்பு எந்த மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று டாக்டர் வினவினார். விடையளிப்பார் இல்லை. அவள் தந்தையாருடன் நாமும் நகரத்துக்குச் சென்று பழைய பதிவேட்டைத் தேடியெடுக்க நான்கு நாட்கள் ஆயின. தாயும் சேயும் தப்பியது நமது நற்பேறே.

டாக்டர் கேட்டதற்குக் காரணம் உண்டு. டாக்ஸோரூபிசின் என்னும் மருந்து நோயைத் தீர்க்கும். எனினும் பல ஆண்டுகள் கழித்து இதயத்தைத் தளர்த்தவும் கூடும். உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்கு அபாயம் மிகுதி. அளவு தெரிந்தால்தான் இதயப் பரிசோதனையைக் காலத்தே செய்ய இயலும்.

இங்குதான் கைபேசி துணைபுரிகிறது. சிகிச்சை முடிந்ததும், மருந்துகளின் பெயரும் அளவும் அடங்கிய சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், படமெடுத்து வையுங்கள். 14 இலக்கங்கள் கொண்ட ‘ஆபா’ சுகாதார எண்ணைப் பெற்று, அதன் கீழ் சேமியுங்கள். உரியவர் சம்மதமின்றிப் பிறர் காண்பதற்கில்லை. ஆகவே அஞ்சி எரிக்க வேண்டுவதில்லை. 2019இல் தொடங்கிய இ-சஞ்சீவனி வாயிலாகத் தொலைவிலிருந்தே டாக்டரிடம் ஆலோசனை பெறலாம். ஆயினும் பரிசோதனைக்கு நேரில் செல்லத்தான் வேண்டும்.

புற்றுநோய் தொற்றுநோயன்று. பிழைத்த பிள்ளையின் வரலாறு வெட்கத்துக்குரியதுமன்று. மகளிர் குழுவினரும் சுகாதார ஊழியர்களும் வீடுதோறும் இதனை எடுத்துரைக்க வேண்டும். கைபேசி இல்லாத வீட்டுக்கு அண்டை வீட்டார் உதவ வேண்டும். அரும்பாடுபட்டு மீட்ட உயிரை ஒரு காகிதம் இல்லாமையால் இழக்கலாகாது.