பொதுமனையும் துப்புரவு முறையும்

ஊருக்கு ஒரு வாசிகசாலை, வாசிகசாலைக்கு ஒரு நிர்வாக சபை என்பது ஈழத்துத் தமிழூர்களில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். சனசமூக நிலையத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே தலைவரையும் காரியதரிசியையும் தனாதிகாரியையும் தெரிவு செய்வதற்கு அங்கத்தவர் ஆர்வத்தோடு கூடுவர். ஆனால், மண்டபத்தைக் கூட்டுபவர் யார், மலசலகூடத்தைக் கழுவுபவர் யார் என்னும் வினா அக்கூட்டத்தில் எழுவது அரிது.

வினா எழாமையால் வேலை நின்றுவிடுவதில்லை. அது யாரேனும் ஒருவர் தலையிலே விழுகின்றது. வயதில் இளையவர், மறுத்துப் பேசக் கூசுபவர், வறியவர் ஆகியோரே வாரந்தோறும் விளக்குமாற்றை எடுக்கின்றனர். அதனினுங் கொடியது, பிறப்பைக் காட்டி ஒருவருக்கு அவ்வேலையை ஒதுக்குவதாகும். சாதி காரணமாக ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இலங்கையில் 1957ஆம் ஆண்டிலே நிறைவேறியது. வாயிலை எல்லோருக்குந் திறந்துவிட்டு, விளக்குமாற்றை மட்டும் ஒருசாராரின் கையிலே விட்டுவைக்கும் நிலையம் பொது நிலையமாகாது.

காந்தியடிகள் 1901ஆம் ஆண்டு கல்கத்தாக் காங்கிரசுக்குச் சென்றபோது அங்கிருந்த மலசலகூடங்களின் நிலையைக் கண்டு வருந்தினார். தொண்டர்களிடம் அதனை எடுத்துரைத்தபோது, அது தோட்டிகளின் வேலையென்று அவர்கள் ஒதுங்கினர். அடிகள் தாமே துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் துப்புரவு செய்தார். பின்னர் அவர் நிறுவிய ஆச்சிரமங்களில் அவ்வேலை அங்கு வாழ்வோரின் கடமைகளுள் ஒன்றாயிற்று. ஒருவர் ஒருநாட் செய்தது முன்மாதிரி. எல்லோரும் முறைவைத்துச் செய்ததே நீதி.

முறைவைத்தல் யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. பங்குக் கிணற்றிலே இன்ன நாள் இன்னாருடைய முறையென வகுத்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த மக்கள் அவர்கள். தண்ணீரைப் பங்கிட்ட அந்த ஒழுங்கினாலேயே துப்புரவு வேலையையும் பங்கிடலாம். முதலில் வேலைகள் யாவற்றையும் ஒரு தாளில் எழுதுதல் வேண்டும். பத்திரிகைகளை அடுக்குவதும் மலசலகூடத்தைக் கழுவுவதும் ஒரே பாரமுடையனவல்ல. ஆகவே, நேரத்தை மட்டும் சமமாகப் பிரிப்பது போதாது. அருவருப்பான வேலை ஒவ்வொருவருக்கும் சுற்றிவரல் வேண்டும். நோயாளருக்கும் முதியோருக்கும் பெயர்ப்பதிவு, சாவிக்காப்பு போன்ற இலகுவான வேலைகளைக் கொடுக்கலாம். வர இயலாதவர் மற்றொருவரோடு தம் முறையை மாற்றிக்கொள்ளலாம். பணங்கொடுத்துத் தப்பிக்கொள்ள இடமளித்தல் ஆகாது. அவ்வாறு இடமளிப்பின் வேலை மீண்டும் வறியவரிடமே சென்றடையும். முறைப்பட்டியலின் முதற்பெயர் தலைவருடையதாயின், பின்வருபவர் முணுமுணுக்க நியாயமிராது.

முறை தவறுவதால் விளையுங் கேடும் சிறிதன்று. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,80,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளாயினர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு பூச்சாடித் தட்டிலும், சிரட்டையிலும், கூரைப் பீலியிலும் தேங்கிய நீரிலே பெருகுகின்றது. முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒருவாரம் முதல் பத்து நாள் வரை போதும். பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றிய பின்னரும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே நீரை ஊற்றிவிடுவதோடமையாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். அதனையும் வாரந்தவறாது செய்தல் வேண்டும். பிறர் பார்த்துக்கொள்வர் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருக்கும் நிலையத்தில், வாசிக்க வந்த சிறுவன் நோயோடு வீடு திரும்ப நேரும்.

அடுத்த பொதுக்கூட்ட அறிவித்தலில், உத்தியோகத்தர் தெரிவுக்கு அடுத்த விடயமாகத் துப்புரவு முறையையும் சேர்த்துக்கொள்வது நன்று. வரவுசெலவுக் கணக்கைப் போலவே அம்முறைப்பட்டியலும் எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் தொங்குமாயின், அந்நிலையம் அதில் நுழையும் ஒவ்வொருவருக்கும் உரியதென்பது சொல்லாமலே விளங்கும்.