பீரோவில் பூட்டிய ஆராய்ச்சி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)

 

பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம்ம பக்கம் ஒரு சென்ட் நிலம் வாங்குவதென்றாலும், மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கச் சான்று எங்கே என்று கேட்காமல் முன்பணம் கொடுப்போமா? மாட்டோம். சிலைக்கும் அதே கேள்விதான். எந்தக் கோயிலில் இருந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? இப்படிக் கைமாறிய வரலாற்றை ஆராய்வது இன்று உலக அருங்காட்சியகங்களில் தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. இதில் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நிறையப் பறிகொடுத்தவர்கள் நாம்.

தஞ்சைப் பக்கத்துச் சிவபுரத்தில் 1951-ல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர், செப்பனிடப் போன இடத்தில் மாறிப்போனார். கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். அசலைப் பம்பாயில் ஒருவரிடம் பார்த்த பிரிட்டிஷ் மியூசியத்து அறிஞர் டக்ளஸ் பாரெட், 1965-ல் வெளிவந்த தம் நூலில் அதை எழுதிவிட்டார். அச்சில் ஏறிய பிறகும் 1973-ல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அதை 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து 1986-ல்தான் நடராசர் நாடு திரும்பினார்.

அடுத்தது அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான். அங்கே திருடுபோன நடராசரை 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. கூடவே வந்த பத்திரமெல்லாம் பொய். ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994-ல் அந்தக் கோயிலிலேயே எடுத்த படம் இருந்தது. 2014-ல் சிலை திரும்பி வந்தது.

மூன்றாவது, கும்பகோணத்துக்குப் பக்கம் சுந்தரப்பெருமாள்கோவில் திருமங்கையாழ்வார். ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-ல் ஏலத்தில் எடுத்த சிலை. அவர் கோயிலில் இருந்ததைக் காட்டும் 1957-ஆம் வருஷத்துப் படத்தை ஓர் ஆய்வாளர் கண்டெடுத்தார். 2024 மார்ச்சில் திருப்பித் தரப் பல்கலைக்கழகம் சம்மதித்தது.

மூன்றிலும் பொதுவாக என்ன இருக்கிறது? தேதியோடு ஒரு படம், அல்லது அச்சில் ஒரு குறிப்பு. அது யாரோ ஒருவர் கண்ணில் படும்படி இருந்தது. அவ்வளவுதான்.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். வெளிநாட்டு ஆய்விதழில் வரும் ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க முப்பது, நாற்பது டாலர் கேட்கிறான். நம் கோயிலைப் பற்றிய கட்டுரை, நம் கோயில் அர்ச்சகர் படிக்க முடியாது! ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ என்று 6,000 கோடி ரூபாயில் 2025-ல் தொடங்கிய திட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு உதவுகிறது. நல்ல காரியம்தான். ஆனால் படிப்பை முடித்து வெளியே வந்தவர்கள் என்ன செய்வது? ஆகவே யாரும் காசில்லாமல் படிக்கிற திறந்த வெளியீடு வேண்டும் என்கிறேன். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் நம்ம ஊர்ப் பேரை வைத்துக்கொண்டு எத்தனையோ தமிழ் நூல்களை இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. சோத்கங்கா தளத்தில் பிஎச்.டி. ஆய்வேடுகள் கிடைக்கின்றன. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், ஊர் ஊராகச் சைக்கிளில் போய் நம்மவர்கள் எழுதிய எம்.ஏ., எம்.பில். ஆய்வேடுகள்? நம் துறை பீரோவில் கரையான் வாசித்துக்கொண்டிருக்கிறது.

"படத்தைப் போட்டால் திருடனுக்கு வழி காட்டின மாதிரி ஆகாதா?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. காவல், பூட்டு, சாவி விவரங்களை எழுத வேண்டாம். ஆனால் உள்ளூரில் விசாரித்துவிட்டு வருகிற திருடனுக்கு நம் படம் தேவையில்லை. வாங்குகிறவனுக்குத்தான் அது பயம். ஊரறிந்த சிலையை விற்பது கஷ்டம்.

எழுதும்போது இடத்தைச் சரியாக எழுதுங்கள். நான் குடியிருப்பது 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த ஆனையூர். உசிலம்பட்டிப் பக்கம், பழைய ஐராவதேசுவரர் கோயில் உள்ள இன்னொரு ஆனையூர் இருக்கிறது. வெறும் ‘ஆனையூர்’ என்று எழுதி வைத்தால் நாளைக்குக் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார். ஊர், வட்டம், கோயில், சிலையின் உயரம், படம் எடுத்த தேதி, எடுத்தவர் பெயர் எல்லாம் வேண்டும்.

நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. உங்கள் ஆய்வேட்டை வெளியிட ஒரு கையெழுத்துப் போட்டுச் சம்மதம் கொடுங்கள். வீட்டுப் பரணில் கிடக்கிற பழைய திருவிழாப் படங்களையும் தாருங்கள். மாணவர்கள் ஸ்கேன் செய்து ஏற்றட்டும். அந்தச் செலவில் முதல் பங்கு என்னுடையது. தொகையைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.