உலக அறிவும் இன்பமும் ஆன்ம அமைதி தருமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கற்றோர் நிறைந்த இவ்வவையில் பேசுதற்கு எனக்குள்ள தகுதி யாது? பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன் நான். பயணச்சீட்டுக்கும் சில்லறைக்கும் இடையே காலங் கழிப்பவனை, 'கிறித்தவ சமய நோக்கில், உலக அறிவும் இன்பமும் ஆன்ம அமைதி தருமா?' என்னும் பெரும் பொருள்பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தார். மறுக்கவே எண்ணினேன். ஆயினும், இக்கேள்வி ஏடுகளில் மட்டுமன்றி என் மேசைமீதும் ஒருநாள் எழுந்தது, ஆதலின் இசைந்தேன். அதனைப் பின்னர்க் கூறுவேன். குற்றங்காணின் பொறுத்தருள்க.

முதற்கண், இக்கேள்வியை எழுப்பியவர் யார் என்று பார்ப்போம். வறியவன் ஒருவன் எழுப்பியிருந்தால், எட்டாத பழம் புளிக்கிறது என்கிறான் எனத் தள்ளிவிடலாம். விவிலியத்தில் இதனை எழுப்பியவரோ எல்லாம் எட்டியவர். சாலொமோன் மன்னரின் பெயரோடு சேர்த்து வழங்கும் 'பிரசங்கி' என்னும் நூலிற் பேசும் அவர் மாளிகைகள் எழுப்பினார்; திராட்சைத் தோட்டங்கள் வைத்தார்; குளங்கள் வெட்டினார்; பொன்னும் வெள்ளியும் குவித்தார்; பாடுவோரைக் கூட்டி இசை கேட்டார்; எருசலேமில் தமக்குமுன் இருந்தோர் எவரினும் மிக்க அறிவும் பெற்றார். முடிவில் வரவு செலவு பார்த்தபோது, கையில் நின்றது வெறுமையே எனக் கண்டார்.

இதனால், கிறித்தவம் அறிவுக்கும் இன்பத்துக்கும் பகையென்று எவரும் கருதவேண்டா. உண்டு பருகி உழைப்பின் பயனைத் துய்ப்பது இறைவன் அளித்த கொடையென அதே நூல் கூறுகின்றது. இயேசு பெருமான் செய்த முதல் அற்புதம், கானாவூர்த் திருமண வீட்டில் தண்ணீரைத் திராட்சை இரசமாக்கியதே என்று யோவான் எழுதிய நற்செய்தி உரைக்கின்றது. திருமண விருந்தை வெறுத்தவர் அங்குச் சென்றிருப்பாரா? எனவே, இன்பம் குற்றமன்று. நாம் கேட்பது, அது மனத்துக்கு அமைதி தருமா என்பதே.

விடை காண, மெய்யாக வாழ்ந்த ஒருவரைக் காண்போம். அவர் அகுஸ்தீன், கி. பி. 354 இல், இன்று அல்ஜீரியா எனப்படும் நாட்டிலே பிறந்தவர். சொல்வன்மை கற்று, இத்தாலியின் மிலான் நகரிற் பேராசிரியரானார். இன்ப வாழ்வும் அவருக்குக் குறைவின்றி இருந்தது. பேரரசரைப் புகழ்ந்து பேச ஒருநாள் கவலையோடு சென்றவர், வழியிலே குடித்துச் சிரித்துக் களித்த இரவலன் ஒருவனைக் கண்டார். நாலு காசில் அவன் பெற்ற மகிழ்ச்சி, இத்தனை கல்வி கற்ற தமக்கு இல்லையே என நாணினார். அவன் மகிழ்ச்சியும் மெய்யானதன்று என்பதை அவர் அறிவார். ஆனால், தம்மிடம் அதுவும் இல்லையே!

அவரே எழுதிவைத்த மற்றொரு செய்தி: பதினாறு வயதில் தோழரோடு சேர்ந்து அயலான் மரத்துப் பேரிக்காய்களைத் திருடினார். பசியால் அன்று, திருடும் சுவைக்காகவே. பல்லாண்டு கழிந்தும், பேரறிஞரான பின்னும், அச்சிறு திருட்டு அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 386 ஆம் ஆண்டில் மனந்திரும்பி, மறு ஆண்டு திருமுழுக்குப் பெற்று, உள்ளதை உள்ளவாறு இறைவன்முன் ஒப்புக்கொண்ட பின்னரே அவர் உள்ளம் அடங்கியது.

அவ்வாறாயின், கற்ற அறிவை எறிந்துவிட வேண்டுமா? இல்லை. நமக்கு அண்மையிலுள்ள வேலூரே அதற்குச் சான்று. 1870 இல் இராணிப்பேட்டையிற் பிறந்த இடா ஸ்கடர் அம்மையார், அமெரிக்காவிற் படித்து அங்கேயே வசதியோடு வாழ விரும்பியவர். நோயுற்ற தாய்க்கு உதவத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் இருந்த தத்தம் மனைவியருக்கு உதவவேண்டினர். மருத்துவரான அவர் தந்தையையோ, ஆண்மகன் என்பதால் அவர்கள் ஏற்கவில்லை. அம்மையார் மருத்துவம் அறியார். மூன்று பெண்களும் மாண்டனர். அதன்பின் அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். 1900 இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய பணி, 1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக விரிந்தது. இன்று நம் ஊரார் பலருக்கும் உயிர்காக்கும் பெருமருத்துவமனையாக நிற்கின்றது. அவர் துறந்தது அறிவையன்று. அறிவும் வாழ்வும் தமக்கே என்ற எண்ணத்தை.

இனி, நம் காணிப்பாக்கத்துக்கு வருவோம். வரசித்தி விநாயகர் திருமுன் பொய்ச்சத்தியம் செய்ய அஞ்சாதவர் இவ்வட்டாரத்தில் உண்டோ? கோயிலருகே ஓடும் பாகுதா நதியின் பெயர்க்கும் ஒரு கதை கூறுவர். லிகிதர் என்னும் முனிவர், தமையனார் சங்கரின் சோலையிற் கேளாமலே பழம் பறித்து உண்டார். அது களவென்று தமையனார் கூறவே, தாமே அரசனிடஞ் சென்று குற்றத்தை உரைத்துக் கைகளை இழந்தார். பின்னர் ஆற்றில் மூழ்கியபோது கைகள் மீண்டும் வந்தன. பாகு என்றால் கை. கையைத் தந்தமையால் பாகுதா. முனிவர்க்கு நூலறிவு குறைவா? ஆயினும் அவரை மீட்டது, உண்மையை உரைத்த துணிவே.

விவிலியத்தில் வரும் சகேயுவும் இத்தகையவரே. எரிகோவில் வரி தண்டுவோர்க்குத் தலைவர், பெருஞ்செல்வர். இயேசுவைக் காண மரத்தில் ஏறியிருந்தவரை, அப்பெருமான் பெயர்சொல்லி அழைத்து அவர் வீட்டிலே விருந்தினரானார். ஊரார் முணுமுணுத்தனர். சகேயுவோ, உடைமையிற் பாதி ஏழைகளுக்கு என்றும், வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றும் எழுந்துநின்று கூறினார். முதலிற் பெருமான் வந்தார். பின்னரே பணம் திரும்பியது. திருப்பிக் கொடுத்தது அருளுக்கு விலையன்று, அருளின் கனி.

இப்போது என் கதையைக் கூறுகின்றேன்.

சில ஆண்டுகட்கு முன்பு, ஒரு சிறு நிலையத்திற் பயணச்சீட்டு வழங்கிக்கொண்டிருந்தேன். பூ விற்கும் மூதாட்டி ஒருத்தி 500 ரூபாய்த் தாளைக் கொடுத்து 60 ரூபாய்க்குச் சீட்டு வாங்கினாள். வண்டி வந்துவிட்டது, மீதிப் பணத்தை மறந்து ஓடினாள். மிகுதியாக நின்ற 440 ரூபாயைக் கணக்கிற் காட்டுவதே முறை. நான் காட்டவில்லை. 'யாருக்குத் தெரியும்? அவளும் மறந்திருப்பாள்' என்றது என் உலக அறிவு. அன்று மாலை இனிப்பு வாங்கிச் சென்றேன், பிள்ளைகள் மகிழ்ந்தனர். இரவு செபத்தில், கடன்களை மன்னிக்குமாறு வேண்டும் இடத்தில் என் குரல் மட்டும் எழவில்லை.

இருவாரம் கழிந்து, அம்மூதாட்டி மற்றொருத்தியிடம் கூறியது என் சாளரத்தருகே கேட்டது. பணத்தைப் பேரன் எடுத்துவிட்டான் என்று எண்ணி அவனை அடித்தாளாம். என் உடல் நடுங்கிற்று.

மறுநாள் அவள் குடிசைக்குச் சென்று, பணத்தை வைத்து, உண்மையைக் கூறினேன். நெடுநேரம் அவள் பேசவில்லை. பின்பு, "பணம் கிடக்கட்டும் நாயனா, பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போ" என்றாள். பத்து வயதுச் சிறுவன் முன் நின்று, "நீ எடுக்கவில்லை; நான்தான் எடுத்தேன்" என்றேன். அவன் கேட்டது ஒன்றே: "அவ்வாவுக்கு இப்போது தெரியுமா?"

"தெரியும்" என்றேன். அன்றிரவு செபத்தில் என் குரல் மீண்டது.

அன்பர்களே, 440 ரூபாயைத் திருப்பித் தந்தேன். அச்சிறுவன் பட்ட அடியை எவ்வாறு திருப்பித் தருவேன்? அந்த இரு வாரங்களை யார் மீட்டுத் தருவார்? மனிதன் அடைக்க முடிந்த கடனும் உண்டு. அடைக்க முடியாத கடனும் உண்டு. முடிந்ததை அடைத்தே தீரவேண்டும். முடியாததைத் தம்மேல் ஏற்றுக்கொண்டவர் சிலுவையில் தொங்கிய பெருமான் என்பதே கிறித்தவர் நம்பிக்கை. உலக அறிவு கடனை மறைக்கக் கற்பிக்கும். இன்பம் சிறிது நேரம் மறக்கச் செய்யும். அடைக்கவும் மன்னிக்கவும் அவற்றால் ஆகாது. அமைதியோ அங்கேதான் பிறக்கின்றது.

வேற்று மொழி வழங்கும் மண்ணில் வந்து வாழும் நாம், நம் மக்களைப் படிக்க வைக்கின்றோம், வீடு கட்டுகின்றோம், விழாக் கொண்டாடுகின்றோம். எல்லாம் நன்றே. அவற்றோடு, தவறு செய்தால் ஒப்புக்கொள்ளும் நெஞ்சத்தையும் அவர்கட்கு அளிப்போமாக. எம் மதத்தினர்க்கும் அது பொதுவான செல்வம்.