புகையின் கதை கூறும் கருவி



மோட்டார் வாகனத்தின் புகைக் குழாயினுள்ளே, நம் கண்ணுக்குத் தென்படாது, ஒரு சிறு கருவி இராப்பகல் பாராது தொழில் புரிகின்றது. ஒட்சிசன் உணரி என்பது அதன் பெயர். கராச்சுகளில் அதனை ஒட்சிசன் சென்சர் என்பர். பிளக் என்று நாம் அழைக்கும் தீப்பொறிக் கருவியைப் போன்ற தோற்றமுடையது. ஒரு விரல் நீளத்துக்கு மேற்படாதது. வால் போல் மின்கம்பிகள் உடையது. இதனைப் பற்றிச் சில வார்த்தைகள் இன்று பேச விரும்புகின்றேன். யான் பொறியியல் கற்றவனல்லன். பள்ளிப் பிள்ளைகளோடு காலங்கழிக்கும் ஆசிரியன். ஆயினும், அப்பிள்ளைகள் நாள்தோறும் ஏறிவரும் வாகனங்களின் புகையும் அவர்களைச் சுமக்கும் பெற்றோரின் பணப்பையும் இச்சிறு கருவியோடு தொடர்புடையன. ஆதலின் இஃது எல்லார்க்கும் உரிய விடயமாகும்.

முதலில் எரிதல் என்னும் செயலை நோக்குவோம். அடுப்பில் விறகு எரிவதற்குக் காற்று வேண்டும். பெற்றோல் எரிவதற்கும் அவ்வாறே. ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. நிறையிற் கூறினால் இதன் பெருமை விளங்காது. ஒரு லீற்றர் பெற்றோலை எரிப்பதற்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும் எனக் கூறினால் விளங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டிரண்டு மீற்றர் கொண்ட ஓர் அறையின் காற்றினும் சற்று மிகுதியானது அது.

இவ்வளவு குறைந்தால் என்ன நிகழும்? பெற்றோல் அரைகுறையாக எரியும். பணம் புகையாகும், அப்புகையிலே காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயு மிகும். காற்று கூடினாலோ, எரிதல் தளர்ந்து எஞ்சின் வலுவிழக்கும். நைதரசன் ஒட்சைட்டுகளைத் தூய்மை செய்வதும் இயலாது போகும். ஆகவே கூடாமலும் குறையாமலும் கலப்பது இன்றியமையாதது. பழைய வண்டிகளில் காபரேற்றர் என்னும் உறுப்பு இக்கலவையைத் தோராயமாகவே அமைத்தது. சரியாக எரிந்ததா என்று திரும்பிப் பார்க்க அதற்குக் கண்ணில்லை.

அந்தக் கண் எவ்வாறு கிடைத்தது? ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய புகைமூட்டத்துக்கு வாகனப் புகையும் சூரிய ஒளியும் சேர்ந்து காரணமாகின்றன என்பதை ஏரி ஹாகன் ஸ்மித் என்னும் இரசாயன அறிஞர் 1950ஆம் ஆண்டை அடுத்த ஆண்டுகளில் எடுத்துக் காட்டினார். அந்நாட்டில் 1970ஆம் ஆண்டின் தூய வளிச் சட்டம் வாகனப் புகைக்குக் கடுமையான வரம்பு விதித்தது. அவ்வரம்பை எட்டுதற்கு, பிளாற்றினம், பலேடியம், உரோடியம் முதலிய அரிய உலோகங்கள் பூசிய கற்றலிற்றிக் கொன்வேட்டர் என்னும் புகைத் தூய்மிப்பான் பயன்பட்டது. ஆனால் மூவகை நச்சுகளையும் அது ஒருங்கே நீக்க வேண்டுமாயின் காற்றும் பெற்றோலும் மிகத் துல்லியமாகக் கலக்கப்பட வேண்டும். அத்துல்லியத்தைத் தருதற்காக ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் ஆக்கிய ஒட்சிசன் உணரி 1976ஆம் ஆண்டில் வொல்வோ வண்டிகளிற் பொருத்தப்பட்டது.

இதன் அடிப்படை அறிவு அதனினும் மூத்தது. வால்தர் நேர்ண்ஸ்ற் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1889ஆம் ஆண்டில் வகுத்த மின்னிரசாயன விதியே இதற்கு ஆதாரம். உணரியின் முனையில் சேர்க்கோனியா என்னும் மட்பாண்டப் பொருளாலான சிறு குப்பி ஒன்றுண்டு. குப்பியின் உட்புறத்தில் வெளிக்காற்று. வெளிப்புறத்தில் எஞ்சின் புகை. இரு புறமும் பிளாற்றினம் மெல்லிதாகப் பூசப்பட்டிருக்கும். 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியதும், ஒட்சிசன் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு ஒட்சிசன் அயன்கள் அச்சுவரினூடே செல்ல முற்படும். அதனால் ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கும். பெற்றோல் மிகுந்து, புகையில் ஒட்சிசன் அற்றுப் போனால் அம்மின்னழுத்தம் ஏறத்தாழ 0.9 வோல்ற்று. காற்று மிகுந்து, புகையில் ஒட்சிசன் எஞ்சினால் ஏறத்தாழ 0.1 வோல்ற்று. வண்டியின் கணினி இதனைக் கண்டு பெற்றோலைக் குறைக்கும், மறுகணம் கூட்டும். துவிச்சக்கர வண்டி ஓட்டுபவன் கைபிடியை இம்மி இம்மியாக இருபுறமும் அசைத்து நேர்வழி செல்வதில்லையா? அதனை ஒத்தது இது.

கொன்வேட்டருக்கு முன்னே உள்ள உணரி இப்பணியைச் செய்ய, பின்னே உள்ள மற்றோர் உணரி கொன்வேட்டர் தன் கடமையைச் செய்கின்றதா என்று கண்காணிக்கும். முன்னதன் மின்னழுத்தம் ஏறியிறங்குவது நலத்தின் அறிகுறி. பின்னது பெரும்பாலும் அமைதியாக நிற்பதே நலம். புதிய வண்டிகள் சிலவற்றில் வேறு வகை உணரிகள் உள. அவற்றின் அளவுகள் வேறுபடும்.

நேயர்களே, இனி முக்கியமான இடத்துக்கு வருகின்றேன். உணரி ஒட்சிசனின் அளவைச் சொல்லும். அதன் காரணத்தைச் சொல்லாது. பரீட்சையில் ஒரு மாணவன் புள்ளி குறைந்தால், அவன் படிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகின்றோம். காலையில் உண்ணாமல் வந்திருக்கலாம், கண்பார்வை குன்றியிருக்கலாம். புள்ளி அறிக்கையைக் கிழித்து வேறு அறிக்கை எழுதினால் பிள்ளையின் பசி தீருமா?

எமது பகுதியில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் சிறிய பெற்றோல் வான் ஒன்றுக்கு நேர்ந்தது இதுவே. முகப்பில் எஞ்சின் விளக்கு எரிந்தது, பெற்றோற் செலவு ஏறியது, பின்னால் கரும்புகை. திருத்துமிடத்தில் உணரி பழுது என்று கூறி மாற்றினர். சில வாரங்களில் விளக்கு மீண்டும் எரிந்தது. மறுபடியும் மாற்றினர். அந்தச் சாரதியின் ஒரு மாத வருவாயில் பெரும்பங்கு அதனோடு போயிற்று. ஈற்றில் முதிய திருத்துநர் ஒருவர், எஞ்சினுக்கும் உணரிக்கும் இடையே புகைக் குழாயில் மயிரிழை போன்ற வெடிப்பொன்றைக் கண்டுபிடித்தார். புகை துடிப்புத் துடிப்பாகப் பாய்வதால் அவ்வெடிப்பினூடே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டது. உணரி, "ஒட்சிசன் மிகுதி" என்று தான் கண்டதைக் கண்டவாறே கூறிற்று. கணினி அதனை நம்பிப் பெற்றோலை மேலும் மேலும் ஊற்றிற்று. வெடிப்பு ஒட்டப்பட்டதும் எல்லாம் சீரடைந்தது. குற்றம் செய்தவனை விட்டுச் சாட்சியை இருமுறை தண்டித்த கதை இது.

பிளக் ஒன்று பொறி விடாது போனாலும் இத்தகைய மயக்கமே விளையும். எரியாத பெற்றோலோடு எரியாத ஒட்சிசனும் வெளிவரும். உணரி ஒட்சிசனை மட்டுமே காணும். ஆதலின் உணரியை மாற்றுமுன், புகைக் குழாயில் கசிவுண்டா, காற்று உட்புகும் இறப்பர்க் குழாய்கள் வெடித்துள்ளனவா, பிளக்குகள் சீரா, மின்கம்பிகள் உருகியோ அறுந்தோ உள்ளனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். திருத்துநரின் பரிசோதனைக் கருவியில் உணரியின் மின்னழுத்தம் ஏறியிறங்குவதைக் காட்டும்படி கேளுங்கள். பணம் கொடுப்பவர் கேட்பதில் தவறில்லை.

உணரிக்கும் நோய் வருவதுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அதனைச் சூடாக்கும் உள்மின்னிழை அறுந்து போகலாம். எஞ்சின் ஒயில் எரிந்தால் அதன் சாம்பல் படியும். குளிர்விக்கும் நீர் எரியறைக்குட் கசிந்தாலும் உணரி கெடும். எஞ்சின் மூட்டுகளை அடைக்கப் பூசும் சிலிக்கோன் பசைகளுட் சில அதற்கு நஞ்சு. உணரிக்குத் தீங்கில்லை என்று குறிப்பிட்ட பசையையே வாங்குக. ஈயங் கலந்த பெற்றோல் ஒரு காலத்தில் அதன் பெரும்பகையாயிருந்தது. இலங்கையில் 2002ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. இந்நோய்களின் மூலத்தைத் தீர்க்காது புதிய உணரி பூட்டினால், அதுவும் பழையதன் வழியே செல்லும்.

கையாளும் முறையிலும் கவனம் வேண்டும். கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் பெற்றோலில் ஊறவைப்பதும் உணரிக்கு மருந்தல்ல. உள்ளே மட்பாண்டம் இருத்தலால் நிலத்தில் விழுந்த உணரியை நம்பலாகாது. மரையிற் பூசும் பசை அதன் முனையிற் படலாகாது. கம்பி இணைப்பிலே கிறீஸ் பூசுதலும் தகாது. பல உணரிகள் தமக்கு வேண்டிய வெளிக்காற்றைக் கம்பிகளினூடாகவே பெறுகின்றன.

விளக்கு நிலையாக எரிந்தால் விரைவிற் பரிசோதியுங்கள். அது விட்டுவிட்டு மின்னினால், பெற்றோல் எரியாமலே கொன்வேட்டரிற் சென்று அதனைச் சுட்டழிக்கின்றது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துக. பற்றரியைக் கழற்றி விளக்கை அணைப்பவர் வண்டியைத் திருத்தியவராகார். கொன்வேட்டரைக் கழற்றி விற்றுவிட்டு உணரியை ஏமாற்றும் உபாயம் தேடுவோரும் உளர். அவர் விற்பது தம் உலோகத்தை மட்டுமன்று; தெருவோரம் நடந்து செல்லும் பிள்ளைகளின் மூச்சையுமாகும்.

2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. ஒவ்வொரு லீற்றரின் அருமையையும் அன்று உணர்ந்தோம். இறக்குமதியாகும் அப்பொருளை வீணே புகையாக்காது காக்கும் காவலாளி, விரல் நீளமுள்ள இக்கருவி. அது சொல்வதைக் கேளுங்கள். ஏன் அவ்வாறு சொல்கின்றது என்று ஆராயுங்கள். அதன் பின்னரே பணப்பையைத் திறவுங்கள்.