மல்பே கடலில் ஒரு கல் தீவு

(கொச்சங்காடியில் அங்கத்தினர் ஒருவரின் கிருஹத்தில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் காரியதரிசி என்னிடம், "மாமா, நீங்கள் ஸயன்ஸ் படித்தவர், எப்போதும் ஆன்மிகமாகவே போய்க்கொண்டிருக்கிறது, ஏதாவது வித்தியாசமாகப் பேசுங்களேன்" என்றார். நான் படித்த பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சர்க்கார் பைல்களுக்கு அடியில் முப்பத்து நாலு வருஷம் அமுங்கிக் கிடந்தது. ஆகையால் பெரிய விஷயம் எதையும் தொடாமல், நான் இரண்டு தடவை போய்வந்த ஒரு சின்னக் கல் தீவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் நான் செய்த ஒரு தப்பும் சேர்ந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நம் கொச்சங்காடியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கிணறு தோண்டினால் மணல் வரும், சேறு வரும், சிப்பி வரும், பாறை வராது. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில் முசிறித் துறைமுகம் மண்மூடிப்போய், கொச்சி அழிமுகம் திறந்தது என்று எல்லோருக்கும் தெரியும். எதிரே இருக்கிற வெல்லிங்டன் தீவோ, 1920, 30-களில் பிரிஸ்டோ துரை கப்பல் வழியை ஆழப்படுத்தியபோது எடுத்த மண்ணைக் கொட்டி உண்டாக்கினது. ஆகக்கூடி நமக்குத் தெரிந்த தீவெல்லாம் சேற்றுத் தீவு. கொச்சங்காடியில் பழைய கல் என்று சொல்ல ஒன்று இருந்தது. 1344-ல் இங்கே கட்டின யூதப் பள்ளியின் கல்வெட்டு. பள்ளி போய்விட்டது, அந்தக் கல் மட்டும் யூதத் தெருவில் பரதேசிப் பள்ளிச் சுவரில் பதித்து இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவனுக்கு, கடலுக்கு நடுவில் கல்லே தீவாக நிற்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

2008 ஜனவரியில், ரிடையரான கையோடு, பிள்ளை, மாட்டுப்பெண், எட்டு வயசுப் பேரன் சகிதம் உடுப்பி கிருஷ்ண தரிசனத்துக்குப் போனோம். கனகன கிண்டி வழியாக தரிசனம், மடத்தில் சாப்பாடு எல்லாம் ஆயிற்று. அங்கிருந்து மல்பே கடற்கரை சுமார் ஆறு கிலோமீட்டர். துவாரகையிலிருந்து வந்த கப்பல் அங்கே புயலில் தத்தளித்தபோது மத்வாசார்யர் மேல்வஸ்திரத்தை வீசிக் காட்டிக் கரைசேர்த்ததும், கோபிசந்தனக் கட்டிக்குள் இருந்த கிருஷ்ண விக்ரஹத்தை அவர் பெற்றுக்கொண்டதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்த வடபாண்டேச்வரம் பலராமர் கோயிலையும் சேவித்துவிட்டு நின்றபோது, "படகு இருக்கிறது, ஸெயின்ட் மேரீஸ் தீவுக்குப் போகலாம்" என்று பேரன் பிடிவாதம் பிடித்தான்.

மல்பேயிலிருந்து மேற்கே ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். பெரிய படகு தீவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து சின்னப் படகில் மாறி, முழங்கால் தண்ணீரில் இறங்கவேண்டும். என் ஆத்துக்காரி மடிசாரோடு இறங்கினதைப் படகுக்காரன் கை கொடுத்து மரியாதையாக இறக்கிவிட்டான். ஜனவாசம் கிடையாது. நாலு தீவு சேர்ந்த கூட்டம் அது. நாங்கள் இறங்கினதற்குத் தென்னந்தீவு என்று பெயர். உள்ளூர்க்காரர்கள் தோன்ஸேபார் என்பார்கள். அரைக் கிலோமீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம் இருக்கும். நடுவே தென்னை, ஒரு பக்கம் மணலே இல்லாமல் சிப்பியால் ஆன கரை, மேற்குப் பக்கம் போனால் கற்கள்.

யாரோ கல்தச்சன் உளியால் செதுக்கி, கட்டுக்கட்டாக நிறுத்திவைத்த மாதிரி கல்தூண்கள். ஒன்றோடொன்று நெருக்கி, பெரும்பாலும் ஆறு பக்கம், சிலது ஐந்து, சிலது ஏழு. சில இடத்தில் நட்டுக்குத்தாக நிற்கின்றன, சில இடத்தில் சாய்ந்து கிடக்கின்றன. உச்சி மட்டும் தெரிகிற இடத்தில் தளவரிசை போட்ட முற்றம் மாதிரி இருக்கிறது. "தாத்தா, இது யார் கட்டின கோயில்?" என்று பேரன் கேட்டான். யாரும் கட்டவில்லையடா, தானாக வெடித்தது என்று சொன்னேன். ஏன் ஆறு பக்கம் என்று அடுத்த கேள்வி வந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை.

திரும்பி வந்து, லைப்ரரியில் உட்கார்ந்து, புவியியல் படித்த நண்பர் ஒருவரையும் தொந்தரவு செய்து தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உருகின பாறைக் குழம்பு குளிரும்போது சுருங்கும். சுருங்கினால் வெடிக்கும். வறண்ட பொக்காளிப் பாடம் வெடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். எங்கும் ஒரே சீராக, மெதுவாகக் குளிர்ந்தால், மூன்று வெடிப்புகள் ஒரு புள்ளியில் 120 டிகிரியில் சந்திப்பதுதான் பாறைக்குச் சிக்கனம். அப்படிச் சந்தித்தால் ஆறு பக்கம் வரும், தேனீக் கூடு மாதிரி. மேலே விழுந்த வெடிப்பு, குளிர்ச்சி உள்ளே இறங்க இறங்கக் கூடவே இறங்கும். அதுதான் தூண்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பேரனின் ஸ்கூல் எக்ஸிபிஷனுக்காகச் செய்தோம். கார்ன் ஃப்ளவர் மாவைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டு, மேலே நூறு வாட் பல்பை நாலைந்து நாள் எரியவிட்டோம். மேலே பெரிய வெடிப்பு, உடைத்துப் பார்த்தால் உள்ளே பென்சில் கனத்துக்கு நெருக்கமாகத் தூண்கள்! என் ஆத்துக்காரிக்குத்தான் கரண்டு பில்லும் போச்சு, மாவும் போச்சு என்று வருத்தம்.

இந்த மாதிரித் தூண்கள் வட அயர்லாந்தில் ஜயன்ட்ஸ் காஸ்வேயில் சுமார் 40,000 இருக்கின்றன. அவ்வளவு தூரம் போகவேண்டாம். பம்பாய் அங்கத்தினர்கள் அந்தேரியில் கில்பர்ட் ஹில்லைப் பார்த்திருப்பார்கள். மேலே தேவி கோயில் இருப்பதால் அது ஒரு மாதிரி பிழைத்து நிற்கிறது, சுற்றிலும் பிளாட்டுகள் நெருக்குகின்றன. அது தக்காணத்து எரிமலைக் கல், 6 கோடி 60 லட்சம் வருஷம். மல்பே தீவு அதைவிடப் பழசு, எட்டரையிலிருந்து ஒன்பது கோடி வருஷம். கல்லும் வேறு. பஸால்ட் என்றுதான் பொதுவில் எழுதுகிறார்கள். ரசாயனப்படி பார்த்தால் அது சிலிக்கா அதிகமுள்ள தேஸைட், ரயோதேஸைட் வகை. கெமிஸ்ட்ரிக்காரன் ஆனபடியால் இதை விட மனசு வரவில்லை, மன்னிக்கவும்.

அந்த வயசுக்கு ஒரு காரணம் உண்டு. மடகாஸ்கர் அப்போது நம் மேற்குக் கரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அது பிய்த்துக்கொண்டு போன காலத்தில் பீறிட்ட நெருப்பின் மிச்சம்தான் இந்தத் தீவு. அதே வயசுப் பாறை மடகாஸ்கரிலும் இருக்கிறது. இமயமலை அப்போது கிடையாது. பாறை குளிரும்போது அதற்குள் இருக்கிற இரும்புத் துகள்கள் அன்றைய பூமியின் காந்த திசையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதை அளந்துதான், நம் தேசம் அன்றைக்குப் பூமத்திய ரேகைக்குத் தெற்கே வெகு தூரத்தில் இருந்தது என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கல் இருந்த இடத்திலேயே, இருந்த திசையிலேயே இருக்கவேண்டும். பெயர்த்து எடுத்துவிட்டால் கோத்ரம், பிரவரம் தெரியாத மாதிரிதான். இது ஞாபகம் இருக்கட்டும், பின்னால் வருகிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. வாஸ்கோடகாமா கேரளத்துக்கு வரும் வழியில் இங்கே இறங்கிப் பெயர் வைத்தான் என்று அங்கே சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கூடப் போனவன் எழுதிய கப்பல் குறிப்பின்படி, ராஜா கொடுத்தனுப்பின மூன்று கல்தூண்களில் ஒன்றைக் கோழிக்கோட்டில் விட்டுவிட்டு, திரும்பிப் போகும்போது 1498 செப்டம்பரில்தான், கன்னடக் கரைக்கு எதிரே ஒரு தீவில் ஸான்டா மரியா என்கிற கடைசித் தூணை நட்டார்கள். அந்தத் தீவு இதுதான் என்பது வழிவழியாக வருகிற பேச்சு. நான் தேடினேன், தூண் கண்ணில் படவில்லை. அவன் 1524-ல் நம் கொச்சியில்தான் செத்தான். பிரான்ஸிஸ் பள்ளியில் புதைத்து, 1539-ல் எலும்பை ஊருக்கு எடுத்துப் போனார்கள். கல்லை நட்டவனின் கல்லும் இல்லை, எலும்பும் இல்லை.

இப்போது என் தப்பு. 2008-ல் திரும்புகிற அவசரத்தில், தூண்களின் அடியில் உதிர்ந்து கிடந்த ஒரு துண்டை, தேங்காய் மூடி அளவு இருக்கும், பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு பக்கம் மழமழவென்று, நடுவில் கோணம் கிட்டத்தட்ட 120 டிகிரி. பேரனின் எக்ஸிபிஷனுக்கு வைத்தேன். அப்புறம் ஷோகேஸில் இருந்தது. அப்புறம் ஆத்துக்காரி, நல்ல கனமாக இருக்கிறது என்று மாவடு பரணியின் தட்டின் மேல் பாரமாக வைத்துவிட்டாள். பதினைந்து வருஷம் அங்கேயே உப்பு பூத்துக் கிடந்தது.

2022 ஏப்ரலில் அந்தத் தீவில், கோட்டயம் பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலிருந்து சுற்றுலா போன பிள்ளைகள் மூன்று பேர் கடலில் போய்விட்டார்கள். பேப்பரில் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. 2008-ல் என் பேரன் அதே மேற்குப் பக்கத்தில் பாசிக் கல்லில் வழுக்கி, அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது என் கண் முன் வந்தது. அலை அங்கே கல்லிடுக்கில் புகுந்து பின்வாங்கும்போதுதான் இழுக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் மேற்குப் பாறையில் தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கவே விடாதீர்கள். மழைக்காலத்தில் படகு விடமாட்டார்கள், வற்புறுத்தவும் கூடாது.

அந்த வருஷம் ஓணத்துக்குப் பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். பேச்சு இதில் திரும்பியது. சமையலறையில் அந்தக் கல்லைப் பார்த்தவன், "தாத்தா, அது தேசியப் புவியியல் சின்னமாச்சே. தாஜ்மஹாலில் இருந்து ஒரு கல்லை இப்படிக் கொண்டுவருவேளா?" என்று கேட்டான். முப்பத்து நாலு வருஷ ஸர்வீஸில் ஆபீஸ் பென்சில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் இல்லை நான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கீழே விழுந்து கிடந்ததுதானேடா" என்றேன். "வருஷத்துக்கு எத்தனை பேர் போறா, ஆளுக்கு ஒண்ணு எடுத்தால்?" என்றான்.

2023 பிப்ரவரியில் அவனும் நானுமாகப் போனோம். கல்லைக் கழுவி, துணியில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டேன். படகில் கூட வந்த ஒருவர் சாளக்ராமமா என்று கேட்டார். தீவில் இறங்கி, எந்தத் தூணிலிருந்து உதிர்ந்ததோ அங்கேயே வைக்கவேண்டும் என்று அரை மணி நேரம் பொருத்திப் பார்த்தேன். பொருந்துகிற மாதிரி இருபது இடம் இருந்தது, சரியாகப் பொருந்துகிற இடம் ஒன்றுகூட இல்லை. படகுக்காரன் கூப்பிட ஆரம்பித்துவிட்டான். கடைசியில் பேரன், "விடுங்கோ தாத்தா" என்று என் கையிலிருந்து வாங்கி, தண்ணீர் எட்டாத ஒரு தூணின் அடியில் வைத்தான்.

மாவடு பரணியின் மேல் இப்போது பழைய அம்மிக் குழவி இருக்கிறது.